ஊர்ப் பெண்ணின் கால்நடை ஆய்வை ஊர் எப்படிப் பாராட்டுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் எழுதிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள உங்கள் ஊரில், பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர் ஒருவருடைய மகள் கால்நடை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள், ‘சர்வதேச இளம் விஞ்ஞானி’ என்றொரு விருது, மேற்கோள்களைக் கொண்டு கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் 3, ஜென்பாங்க் என்ற மரபணுத் தரவகத்தில் சில பதிவு எண்கள் என்று அவருடைய தன்விவரக் குறிப்பு சொல்கிறது. ஊர் நலச் சங்கம் பாராட்டு விழா எடுக்க முடிவு செய்து, “மாடுகளைக் கொல்லும் உண்ணிக்காய்ச்சலுக்குத் தீர்வு கண்ட உலக விஞ்ஞானி” என்று ஃபிளெக்ஸ் வாசகமும் எழுதிவிட்ட நேரத்தில், “இந்த விருதெல்லாம் காசு கட்டினால் யாருக்கும் கிடைக்கும்” என்று சங்கத்திலேயே ஒருவர் சொல்ல, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. விருது உண்மையா என்றும், பாராட்டு மடலில் என்ன எழுதலாம் என்றும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்: ஆய்வுலகத்துக்கு வெளியே இருக்கும் ஓர் ஊர், இளம் ஆய்வாளர் ஒருவர் செய்த வேலையை எதைக் கொண்டு மதிப்பிடலாம், அதை எப்படிச் சொன்னால் அவருக்கு உண்மையிலேயே மரியாதை செய்ததாகும்?

நான் கால்நடை நோய்க்குறியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று இப்போது நாகர்கோவிலில் இருப்பவன். முனைவர் பட்ட ஆய்வேடுகளை வெளித் தேர்வாளராகப் படித்ததும், வேலைக்கும் விருதுக்கும் ஆள் தெரிந்தெடுக்கும் குழுக்களில் அமர்ந்ததும் பல ஆண்டுப் பழக்கம். அந்தப் பெண்ணின் ஆய்வேட்டை நான் படிக்கவில்லை. நீங்கள் அனுப்பிய தலைப்பும் ஃபிளெக்ஸ் வாசகமும் மட்டுமே என் முன் இருக்கின்றன. ஆகவே அவர் எவ்வளவு நல்ல ஆய்வாளர் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதை வைத்து அதைத் தீர்மானிப்பார்கள் என்பதையும், அதில் எது உறுதி, எது சந்தேகத்துக்கு உரியது என்பதையும் சொல்லலாம்.

மிக உறுதியானதிலிருந்து தொடங்குவோம். விருது, எண்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்தாலும் அந்தப் பட்டம் நிற்கும். நம் ஊர்ப்பக்கம் பிள்ளை எம்.பி.பி.எஸ். சேர்ந்தால்தான் லட்டு கொடுப்பார்கள், கால்நடை மருத்துவம் என்றால் “மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கா படிக்குது?” என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. உண்மையில் கால்நடை மருத்துவ இளநிலைப் படிப்பே உள்ளகப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. அதன்மேல் முதுநிலை இரண்டு ஆண்டு, அதற்கும் மேல் முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு. அதிலும் பாடங்கள் படித்துத் தேர்வெழுத வேண்டும். தகுதித் தேர்வு ஒன்றைத் தாண்ட வேண்டும். ஆய்வேட்டை வெளியிலுள்ள தேர்வாளர்கள் படித்து ஒப்புக்கொண்ட பிறகு வாய்மொழித் தேர்வில் நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டும். பள்ளி முடித்த பெண் இதையெல்லாம் கடந்து வெளியே வருகையில் முப்பதை நெருங்கியிருப்பார். இதில் காசு கொடுத்து வாங்கிய பகுதி எதுவும் இல்லை. சங்கத்தில் சந்தேகம் எழுப்பியவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, அவர் செய்த ஆய்வு. ‘மேற்கு மலை அடிவாரக் கலப்பினக் கறவைப் பசுக்களில் உண்ணி வழிப் பரவும் இரத்த நோய்க்கிருமிகளை மூலக்கூறு முறையில் கண்டறிதல்’ என்று தலைப்பை எழுதியிருந்தீர்கள். இதன் பொருள் விளங்கினால் ஃபிளெக்ஸில் என்ன எழுதலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குலசேகரம், திருவட்டாறு பக்கங்களில் ரப்பர் தோட்டத்து நிழலிலும் ஓடைக் கரையிலும் ஜெர்சி கலப்புப் பசுக்களைக் கட்டி மேய்ப்பதை நீங்கள் அன்றாடம் பார்ப்பவர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. ஈரமும் புதரும் இருக்கும் இடத்தில் உண்ணிக்குக் குறைவிருக்காது. அந்த உண்ணிகள் கடிக்கும்போது தைலேரியா, பபீசியா, அனபிளாஸ்மா போன்ற நுண்கிருமிகள் மாட்டின் இரத்தத்துக்குள் போகின்றன. பசு காய்ச்சலில் கிடக்கும், பால் சட்டென்று குறையும், கண்ணிமையின் உட்புறம் வெளிறிப்போகும். பபீசியாவாக இருந்தால் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். பார்த்தவர்களுக்கு மறக்காது.

இதை உறுதிப்படுத்தப் பழைய முறை, காது நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் பார்ப்பது. சிவப்பணுவுக்குள் கமா போலவோ சிறு தடி போலவோ ஊதா நிறத்தில் தைலேரியா தெரியும். நோய் முற்றிய மாட்டில் இது எளிது. நோயிலிருந்து தேறி, கிருமியை மட்டும் இரத்தத்தில் சுமந்துகொண்டு திரியும் மாட்டில் தகடு தகடாகப் பார்த்தாலும் ஒன்றும் தென்படாமல் போகலாம். அங்கேதான் மூலக்கூறு முறை, அதாவது பிசிஆர், கைகொடுக்கிறது. கிருமியின் மரபுப்பொருளில் ஒரு குறிப்பிட்ட துண்டைப் பல கோடி மடங்காகப் பெருக்கிக் காட்டுவதால், மிகச் சொற்பமாக இருந்தாலும் பிடிபட்டுவிடும். எந்த இனம் என்றும் பிரித்துச் சொல்லலாம். தைலேரியா ஆனுலேட்டா கடுமையான நோய் தருவது, அதற்கு நம் நாட்டில் தடுப்பூசி உண்டு. தைலேரியா ஓரியன்டாலிஸ் சாதுவானது என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2006க்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் அதன் ஒரு வகை மந்தைகளில் நோயாகக் கிளம்பியது, கேரளத்திலும் அதனால் மாடுகள் நோயுற்றதைக் கால்நடை இதழ்கள் பதிவு செய்தன. கேரளத்தை ஒட்டிய நம் மாவட்டத்தில் எந்த இனம், எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒருவர் தேடிப் பார்த்திருப்பது வெறும் பட்டத்துக்கான வேலையாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் சங்கத்துக்குப் பால் ஊற்றும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஆனால் இத்தகைய ஆய்வு எதைச் சொல்லாது என்பதையும் அதே அளவு கவனமாகப் பார்க்க வேண்டும். பிசிஆரில் கிருமி தெரிந்தது என்பதாலேயே அந்த மாடு நோயாளி ஆகிவிடாது. முற்றத்து மண்ணில் காலடித் தடம் இருந்தால் ஆள் வந்துபோனது தெரியும். திருட வந்தானா, தண்ணீர் கேட்க வந்தானா என்று தடம் சொல்லாது. இரத்தச் சோகை இருந்ததா, காய்ச்சல் இருந்ததா, பால் குறைந்ததா என்பதைத் தனியே அளந்து ஒப்பிட்டிருந்தால்தான் நோயைப் பற்றிப் பேசலாம். மாதிரிகள் எங்கிருந்து வந்தன என்பது இன்னொரு கேள்வி. கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிவந்த மாடுகளில் மட்டும் இரத்தம் எடுத்திருந்தால் பாதிப்பு விழுக்காடு கூடுதலாகத்தான் வரும். வீடு வீடாகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து எடுத்திருந்தால் அந்த எண்ணை மாவட்டத்துக்குப் பொதுவானதாக ஓரளவு கொள்ளலாம். நல்ல ஆய்வேடு இந்த வரம்புகளைத் தானே எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் அதைக் குறையென்று எண்ண வேண்டாம். தேர்வாளராக நான் முதலில் தேடிப் படித்ததே அந்தப் பக்கத்தைத்தான்.

இப்போது உங்கள் ஃபிளெக்ஸ் வாசகத்துக்கு வருகிறேன். ‘தீர்வு கண்ட’ என்பது தவறு. கண்டறியும் முறையைப் பயன்படுத்திப் பரவலை அளப்பது ஒரு வேலை. மருந்தோ தடுப்பூசியோ உருவாக்குவது முற்றிலும் வேறு வேலை. தைலேரியாவுக்கு பூபர்வகோன் என்ற மருந்து அந்தப் பெண் கல்லூரிக்குப் போவதற்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. ‘உலக விஞ்ஞானி’ பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஊரில் இதைப் படிப்பவர்கள் பெருமைப்படுவார்கள், அதில் ஐயமில்லை. அந்தப் படம் வாட்ஸாப்பில் சுற்றி அவருடைய துறைக்குள் போய்ச் சேர்ந்தால் நடப்பது வேறு. அவர் தாமே அப்படிச் சொல்லிக்கொண்டதாகத்தான் சக ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். கால்நடை ஆய்வுத் துறை சிறியது. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, கேரளத்தில் மண்ணுத்தி, பூக்கோடு என்று எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். நாளை ஒரு நேர்முகத் தேர்வில் எதிரே அமர்பவர் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தவராக இருக்கலாம். மிகையான பாராட்டின் விலையை ஊர் கொடுப்பதில்லை, அவர்தான் கொடுப்பார்.

இரத்தத்தில் ஒட்டுண்ணி தேடியவர்களுடைய கதையில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1880இல், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில், ‘சர்ரா’ என்ற நோயால் செத்துக்கொண்டிருந்த படைக் குதிரைகளின் இரத்தத்தில் நெளிந்தோடும் நுண்ணுயிரி ஒன்றைக் கண்டார். அந்த இரத்தத்தை நலமான விலங்குகளுக்குச் செலுத்தி, நோய் தொற்றுவதையும் காட்டினார். எலிகளின் இரத்தத்தில் அதுபோன்ற உயிரி தீங்கின்றி வாழ்வதை ஏற்கெனவே பார்த்திருந்த மேலதிகாரிகள், இதுவும் அப்படித்தான் என்று தள்ளிவிட்டார்கள். பாலூட்டிகளில் நோய் உண்டாக்கும் டிரிபனோசோமா என்ற இரத்த ஒட்டுண்ணியை முதலில் காட்டியவர் அவர்தான் என்று உலகம் ஏற்றுக்கொண்டு, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அவருக்கு மேரி கிங்ஸ்லி பதக்கம் கொடுத்தது 1917இல். நூறு வயது வரை வாழ்ந்த அவருக்கு அப்போதே எண்பதைத் தாண்டியிருந்தது. அதற்கெல்லாம் முன்பே அந்த உயிரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். நிலைத்த மதிப்பு எவ்வளவு தாமதமாகக்கூட வரும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். இளம் ஆய்வாளரிடம் அது இன்னும் வந்திராததை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை.

கட்டுரைகளைப் பற்றி. ஐந்து என்ற எண்ணிக்கையை விட்டுவிட்டு, எத்தனையில் அவர் முதல் ஆசிரியர் என்று பாருங்கள். எங்கள் துறையில் பெரும்பாலும் கையால் வேலை செய்தவர் பெயர் முதலிலும், வழிகாட்டியின் பெயர் இரண்டாவதாகவோ கடைசியிலோ, ஆலோசனைக் குழுவினர் இடையிலும் வரும். ஐந்தில் இரண்டில் முதல் ஆசிரியர் என்றாலே முனைவர் பட்டம் முடித்த நிலையில் அது நல்ல கணக்கு. எந்த இதழ் என்பது அடுத்தது. வேளாண், கால்நடைத் துறைகளில் தேசிய வேளாண் அறிவியல் அகாதெமி இதழ்களுக்குத் தரும் மதிப்பெண்ணைத்தான் தேர்வுக்குழுக்கள் பெரிதும் பார்க்கின்றன; தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) பெற்ற இதழ்களுக்கு அது 6க்கு மேல் வருவது வழக்கம். அதற்காக 6க்குக் கீழே உள்ளதெல்லாம் தாழ்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையிலிருந்து 1924 முதல் வெளிவரும் இந்தியன் வெட்டரினரி ஜர்னல் போன்றவற்றில்தான் நம் பகுதி மாடுகளின் நோய்களைப் பற்றிய நேரடிப் பதிவுகள் பல வந்திருக்கின்றன. கல்குளம் வட்டத்துப் பசுவின் காய்ச்சலைப் பற்றி லண்டன் இதழ் ஆர்வம் காட்டாமல் போகலாம். அதனால் அந்தக் காய்ச்சல் சிறியதாகிவிடாது.

போலி இதழ்களும் இருக்கின்றன என்பதை மறைக்கப் போவதில்லை. பணம் கட்டியதும் சில நாளில் எதையும் அச்சிடுபவை, நல்ல இதழ்களின் பெயரையும் இணையதளத்தையும் நகல் எடுத்து ஏமாற்றுபவை என்று பல வகை. இவற்றைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு ‘கேர்’ என்ற பட்டியல் ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தி, 2025இல் அதையும் கைவிட்டுவிட்டது. பணம் கட்டுவது மட்டுமே போலிக்கு அடையாளம் என்றும் சொல்ல முடியாது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் மதிப்புமிக்க இதழ்கள் பல ஆசிரியரிடம் கட்டணம் வாங்குகின்றன. பார்க்க வேண்டியது, துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்துக் கேள்வி கேட்டுத் திருத்தச் சொன்னார்களா என்பது. வல்லுநர்கள் எழுதிய கருத்துகளையும் தாம் அனுப்பிய பதிலையும் ஒவ்வொரு நேர்மையான ஆய்வாளரும் பத்திரமாக வைத்திருப்பார். ஊர்ச் சங்கம் அதையெல்லாம் கேட்டு விசாரிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பாராட்டு விழா நேர்முகத் தேர்வாகிவிடக் கூடாது. கட்டுரைகளின் டிஓஐ எண்களை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் உள்ள நிலையான அடையாள எண்களை, அவரிடமே வாங்கித் தேடினால் இதழின் சொந்தப் பக்கத்துக்குப் போகும், அதுவே போதுமானது. ஆய்வேட்டை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் கிரிஷிகோஷ் தளத்தில் தேடலாம். கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பல அங்கே உள்ளன, முழுப் பிரதி சிறிது காலம் மூடிவைக்கப்பட்டிருப்பதும் உண்டு.

எச்-இன்டெக்ஸ் 3 என்றால், குறைந்தது மூன்று முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் மூன்று இருக்கின்றன என்று பொருள், அவ்வளவுதான். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு அது. மேற்கோள்களைத் திரட்டும் தளங்களில், கூகுள் ஸ்காலரில் பார்த்தால் கூடுதலாகவும் ஸ்கோபஸில் பார்த்தால் குறைவாகவும் காட்டும். வயது கூடக் கூட ஏறும், ஒருபோதும் இறங்காது. தொடக்கநிலையில் உள்ளவரிடம் இந்த எண் பெரிதாக எதையும் சொல்லாது. பாராட்டு மடலில் அதைப் போட வேண்டாம். ஜென்பாங்க் எண்களும் அப்படித்தான். கண்டறிந்த மரபணு வரிசையைப் பொதுத் தரவகத்தில் சேர்த்ததற்கான ரசீது அது. யார் சேர்த்தாலும் எண் கிடைக்கும். பிறர் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி தரவைத் திறந்து வைத்தார் என்பதை நல்ல பழக்கமாகச் சொல்லலாம், விருதாகச் சொல்ல முடியாது.

விருது விஷயத்தில் உங்கள் சங்க நண்பர் பாதி சரி. ‘சர்வதேச’, ‘உலகளாவிய’, ‘சிறந்த’ ஆகிய அடைமொழிகளோடு, விண்ணப்பக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரே நாளில் கூட்டம் கூட்டமாகப் பலருக்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்புகள் நிறைய முளைத்துவிட்டன. நடுவர்கள் யார் என்று தெரியாது, போன ஆண்டு யாருக்குக் கொடுத்தார்கள் என்று தேடினால் கிடைக்காது, மின்னஞ்சலில் அவர்களே வலிய வந்து “தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்” என்பார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த விருதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அதே சமயம், கால்நடை நோய்க்குறியியல், ஒட்டுண்ணியியல் போன்ற துறைகளின் சங்கங்கள் தங்கள் ஆண்டு மாநாட்டில் ‘இளம் விஞ்ஞானி’ என்ற பெயரிலேயே விருது கொடுக்கின்றன. குறிப்பிட்ட வயதுக்கு உட்பட்டவர்கள் நடுவர்கள் முன் ஆய்வை எடுத்துரைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, போட்டியில் வெல்ல வேண்டும். மாநாட்டுப் பதிவுக் கட்டணத்தை அங்கேயும் எல்லோரும் கட்டத்தான் வேண்டும். ஆகவே “காசு கட்டினார்களா?” என்ற கேள்வியால் ஒன்றும் தெளியாது. “யாரோடு போட்டியிட்டார், யார் முன் பேசினார்?” என்று கேட்டால் தெளிந்துவிடும். அந்தப் பெண்ணிடமே, விசாரிக்கும் தொனி இல்லாமல், “அன்றைக்கு என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். போட்டியில் வென்றவர் அதைச் சொல்லத் தயங்கமாட்டார்.

ஒருவேளை அந்த விருது நான் முதலில் சொன்ன வகையாகவே இருந்தாலும், அவரை மோசடிக்காரர் ஆக்கிவிடாதீர்கள். பணியிடங்களுக்கான மதிப்பெண் பட்டியல்களில் விருதுக்கென்று ஒரு கட்டம் வைத்துவிட்டோம். அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி இளையவர்களை நெருக்கிவிட்டு, அவர்கள் கிடைத்த இடத்தில் நிரப்பிக்கொண்டதற்குக் கை தட்டிச் சிரிப்பது எங்கள் தலைமுறைக்கு அழகில்லை. ஆய்வை எண்களாலும் இதழின் பெயராலும் மட்டும் அளக்கக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் ஓர் அறிக்கை எழுதினார்கள். உலகெங்கும் பல நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டுள்ளன. நம் நாட்டுத் தேர்வறைகளுக்குள் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. பெரிய அளவுகோல்களையும் அறிந்துகொள்ளுங்கள்: முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கென்றே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் ஜவஹர்லால் நேரு பெயரில் விருது வைத்திருந்தது. நடுவண் அரசு 2023இல் அறிவித்த ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்காரில் இளையோருக்கான பிரிவுக்கு வயது வரம்பு 45. அந்தக் கணக்கில் உங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

மடலில் என்ன எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “நம் ஊரில் பிறந்து, கால்நடை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற இவர், நம் மலையடிவாரக் கறவைப் பசுக்களின் இரத்தத்தில் உண்ணிகள் வழியாக வந்து தங்கும் நோய்க்கிருமிகள் எவை என்பதை, நுண்ணோக்கியில் தென்படாத அளவுக்குக் குறைவாக இருக்கும்போதும் காட்டிக்கொடுக்கும் முறையால் ஆராய்ந்து பதிவு செய்தார். அந்த ஆய்வு அறிவியல் இதழ்களில் வெளியாகியுள்ளது. அவருக்கு வழிகாட்டிய ஆசிரியருக்கும், இரத்த மாதிரி எடுக்க மாட்டைப் பிடித்துக் கொடுத்த பால் உற்பத்தியாளர்களுக்கும், கால்நடை மருந்தக ஊழியர்களுக்கும் இந்தப் பெருமையில் பங்குண்டு.” கண்டுபிடிப்பின் சாரத்தை, எந்த இனம் அதிகம் தென்பட்டது என்பது போன்ற ஒரு வரியை, அவரிடம் கேட்டு நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் மிகை எதுவும் இல்லை. துறைக்காரர் எவர் படித்தாலும் ஒரு சொல்லையும் அடிக்க முடியாது. இதை அவர் தம் கோப்பில் வைத்துக்கொண்டு எங்கும் காட்டலாம்.

விழாவைப் பற்றியும் ஒன்றிரண்டு. மேடையில் பன்னிரண்டு பேர் வாழ்த்திப் பேசி, கடைசியில் ‘ஏற்புரை’ என்று அவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது நம் வழக்கம். ஃபிளெக்ஸிலும் அவர் படத்தைவிடப் பிரமுகர்கள் படங்கள்தான் பெரிதாக இருக்கும். அதை மாற்றி, பால் சங்கக் கட்டடத்திலேயே மாலைக் கறவைக்குப் பின் கூட்டம் வைத்து, அவரை அரை மணி நேரம் தமிழில் பேசச் சொல்லுங்கள். சாயம் ஏற்றிய தகடுகளையும் நுண்ணோக்கியையும் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. தம் மாட்டின் இரத்தத்தில் இருந்ததைத் தம் கண்ணாலேயே பார்த்தவர் உண்ணி மருந்து தெளிப்பதை அலட்சியம் செய்யமாட்டார். எந்த மாதத்தில் உண்ணி கூடுகிறது, தொழுவத்துச் சுவர் இடுக்கை எப்படிப் பார்க்க வேண்டும், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஏன் பலிக்காமல் போகிறது, காய்ச்சல் கண்ட பசுவுக்குத் தாமே ஊசி போடுவதற்கு முன் ஏன் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று உங்கள் ஆட்கள் கேள்வி கேட்கட்டும். ஆய்வுக்கு இரத்தம் கொடுத்த வீடுகளுக்கு முடிவு திரும்பப் போய்ச் சேர்வது அரிது. அது இங்கே நடந்தால் அவருடைய அடுத்த ஆய்வுக்கு ஊர்க் கதவுகள் தாமே திறக்கும். ஒரு எச்சரிக்கை: கூட்டம் முடிந்ததும் “நம்ம வீட்டுப் பசு ரெண்டு நாளா தீனி எடுக்கல்ல, ஒண்ணு வந்து பாரு மக்களே” என்று ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மருந்தகம் இருக்கிறது.

பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை என்ன செய்யலாம் என்பதில் என் கருத்து இது. துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன். முனைவர் பட்டம் முடித்தவுடன் பலர் திட்ட ஊதியத்தில், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக வேலையில்தான் இருப்பார்கள். மாநாட்டுக்குப் போகும் ரயில் செலவும் பதிவுக் கட்டணமும் அவர்கள் கையைத்தான் கடிக்கும். கேடயத்துக்குப் பதிலாக அந்தத் தொகையை ‘அடுத்த ஆய்வு மாநாட்டுச் செலவுக்கு’ என்று எழுதிய உறையில் வைத்துக் கொடுத்தால், அது பயன்படும், கொடுத்த நோக்கமும் வெளிப்படையாக இருக்கும். வாங்கிக்கொள்வதில் அவர் இருக்கும் நிறுவனத்தின் விதிகள் ஏதேனும் குறுக்கே வருமா என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டுவிடுங்கள். வாங்க இயலாது என்றால் ஊர் நூலகத்துக்கு அவர் சொல்லும் புத்தகங்களை வாங்கி வையுங்கள்.

மடலின் வாசகத்தையும், ஃபிளெக்ஸ் வைப்பதானால் அதன் வாசகத்தையும் படத்தையும், அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். அவர் எதையாவது சேர்க்கச் சொன்னால் என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். எதையாவது நீக்கச் சொன்னால், அது அந்த விருதின் பெயராகவே இருந்தாலும், காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.